தோமோவுக்குப் போன பஸ்

எங்கள் மூன்றரை அறை வீட்டில் அப்போது நாலு பேர் இருந்தோம். மூன்று பேருக்கு எந்த நேரமும் ஊர் ஞாபகம். நாலாவது ஆளுக்கு மட்டும் ஜப்பான் ஞாபகம்.

மூன்றரை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு படுக்கையறை, ஒரு ஹோல், ஒரு குசினி, குளியலறைக்கு அரைக் கணக்கு. மொன்றியலில் வீட்டை அப்படித்தான் எண்ணுவார்கள். படுக்கையறையில் நானும் என் கணவரும். ஹோலில் மன்னார்க்காரர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போவார், மற்ற ஆறு நாளும் பகிடி விடுவார். அவருக்குப் பக்கத்துப் பாயில்தான் அந்த நாலாவது ஆள் படுத்தார். பெயர் சொல்லமாட்டேன். இப்போது ரொறொன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிற மனிதர், கூச்சப்படுவார். திருகோணமலை ஆள். கப்பலில் சமையற்காரராக இருந்தவர் என்பதால் நாங்கள் கப்பல் அண்ணை என்று கூப்பிட்டோம்.

அவரைக் கொண்டுவந்து சேர்த்தது என் கணவர்தான். இவருக்கு அப்போது துறைமுகத்துப் பக்கம், நகரின் கிழக்கே, ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. ஓர் இலையுதிர் காலத்துப் பின்னேரம் வேலை முடிந்து வரும்போது கூடவே ஒரு மனிதர் வந்தார். கையில் சின்னப் பை. உடம்பில் இந்தக் குளிருக்கு உதவாத ஒரு மெல்லிய ஜாக்கெட்.

"கப்பலாலை இறங்கினவராம். பஸ் தரிப்பிலை நிண்டவர். தமிழாளப்பா, விட்டிட்டு வரேலுமோ?" என்றார் என் கணவர்.

நான் வாய் திறப்பதற்குள் வந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார். ஹோல் யன்னல், குசினி யன்னல், குளியலறையில் கூரையோரம் இருக்கிற சின்னக் கண்ணாடி வரைக்கும் எட்டிப் பார்த்தார். "எந்தப் பக்கம் தங்கச்சி கிழக்கு?" என்று கேட்டார். இரண்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. வந்த அன்றே எனக்கு எரிச்சலை உண்டாக்கிய மனிதர் அவர்.

சாப்பிட்டு முடித்துத் தன் சோற்றுக் கோப்பையோடு எங்கள் கோப்பைகளையும் கழுவி வைத்தார். பிறகு யன்னலுக்குப் பக்கத்தில் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்துகொண்டு, "தோமோவிலையும் இப்பிடித்தான், பின்னேரம் வெளிச்சம் டக்கெண்டு இறங்கியிடும்" என்றார். தோமோ என்றால் அவருடைய ஊரில் ஒரு குறிச்சி ஆக்கும் என்று நினைத்தேன்.

இல்லையாம். ஜப்பானில் கடலோரத்துச் சின்ன ஊராம். பழைய ஊர். அவருடைய கப்பல் பழுதாகி அந்தப் பக்கத்துக் கப்பல்பட்டறை ஒன்றில் ஒன்பது நாள் நின்றதாம். வெல்டிங் வேலை நடந்தபடியால் கப்பல் குசினியைப் பூட்டிவிட்டார்களாம். சமைக்க வேலையில்லை. ஒன்பது நாளும் பஸ் ஏறி அந்த ஒரே ஊருக்குத்தான் போனாராம்.

"ஒரே ஊரை ஒன்பது தரம் பாக்க அங்கை என்ன தேனோ ஓடுது?" என்றார் மன்னார்க்காரர்.

"கேளுங்கோவன். காலமை பட்டறை வாசலிலை ஒரு பஸ். முன் கதவாலை இறங்கிறது, பின் கதவாலை ஏறுறது. ஏறேக்கை ஒரு துண்டு தருவினம், இறங்கேக்கைதான் காசு. கடலோரமாப் போகும். வலது பக்கம் இருந்தால் தீவுகள் தெரியும். நான் வலது பக்கம்தான் இருப்பன்..."

இதுதான் அவர். எதையும் சுருக்கிச் சொல்லத் தெரியாத மனிதர். பால் வாங்கக் கீழே தெப்பனேர் என்கிற மூலைக்கடைக்குப் போய் வந்தாலும், அந்தக் கடைக்காரர் எந்தக் கையால் பாலை எடுத்தார், வாசலில் எத்தனை பேர் நின்றார்கள், பொன்ஜூர் சொன்ன கிழவியின் நாய்க்கு என்ன நிறம் என்று எல்லாம் வந்துதான் பால் வரும். அதுகூடப் பரவாயில்லை. இடையில் யாராவது குறுக்கிட்டால் விட்ட இடத்தில் தொடங்கமாட்டார். முதலில் இருந்து வருவார். தோமோக் கதை என்றால் திரும்பவும் பட்டறை வாசல், திரும்பவும் பின் கதவு, திரும்பவும் வலது பக்கத்து இருக்கை.

அந்த ஊரை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். பஸ்ஸால் இறங்கினால் பிறை போல வளைந்த துறை. அதைச் சுற்றிக் கல்லுப் படி, கடலுக்குள் இறங்கிப் போகும். வற்று நேரம் நிறையப் படி தெரியும், பெருக்கு நேரம் நாலைந்துதான் மிஞ்சும். எந்த நேரம் வள்ளம் வந்தாலும் ஏதோ ஒரு படி சரியாக இருக்கும் என்பதற்காக அப்படிக் கட்டினார்களாம். துறை முடிகிற இடத்தில் கல்லால் செய்த ஒரு பெரிய விளக்கு. பழங்காலத்துக் கலங்கரை விளக்கம். பிறகு ஒழுங்கைகள். இரண்டு குடை எதிரெதிராக வந்தால் ஒரு குடை மடங்கவேண்டும், அவ்வளவு ஒடுக்கம். கறுத்துப்போன பலகை வீடுகள். வாசலில் முள்ளங்கி காயப்போட்டிருக்கும், சின்ன மீன் காயப்போட்டிருக்கும். அடுத்தது மருந்துச் சாராயக் கடை. பதினாறு மூலிகை போட்டு இறக்கிற சாராயமாம். கடைக்கார அம்மா ஒரு விரற்கடை அளவு கிண்ணத்தில் வார்த்துக் கொடுப்பாவாம். கறுவாவும் ஏதோ வேரும் மணக்குமாம்.

இந்த மருந்துக் கடையோடு நான் எழும்பிவிடுவேன். ஒன்று கறி அடிப்பிடிக்கும், இல்லாவிட்டால் கண் அயரும். ஷபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் காலை ஏழு மணியிலிருந்து கோட்டுக்குக் கை பொருத்துகிறவளுக்கு ஜப்பான் ஒழுங்கையில் எவ்வளவு தூரம்தான் நடக்க முடியும்? மன்னார்க்காரர் என்னைவிட மோசம். அண்ணை வாய் திறந்தாலே, "பஸ் வெளிக்கிட்டிட்டுது, ஏறுறாக்கள் ஏறுங்கோ!" என்று கூவுவார். அண்ணையும் கோபிக்கமாட்டார். சிரித்துவிட்டு முதலில் இருந்து தொடங்குவார்.

இன்னொரு பழக்கம். எதையும் நின்று பார்க்கமாட்டார். அந்த ஊரில் மேட்டில் ஒரு கோயில் மண்டபம் உண்டாம். கடலும் தீவும் அங்கிருந்து நன்றாகத் தெரியுமாம். இவர் போய் நின்று பார்த்திருக்கிறார். அங்கிருந்த துறவி தோளில் தட்டி, பாயைக் காட்டி, குந்தி இரு என்று சைகை செய்தாராம். இருந்து பார்த்தால், இரண்டு தூணுக்கு நடுவில் தீவு வந்து சரியாகக் குந்துகிறதாம். அன்றிலிருந்து மனிதர் எங்கே போனாலும் இருந்துதான் பார்ப்பார். பக்கத்துத் தீவான இல்-பிசாருக்கு ஒருமுறை போய் வந்து, அங்கே கோடையில் கார்களை ஏற்றி அக்கரைக்குப் போய்வருகிற சின்னப் படகைக் கரையில் குந்தி ஒரு முழு நாள் பார்த்ததாகச் சொன்னார். ஒரு முழு நாள்! எனக்கு விசர் வந்தது.

ஏன் விசர் என்றால், அவருடைய மனைவியும் மகளும் அந்த நேரம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அவர்களுடைய தெரு எரிந்த பிறகு மன்னார்ப் பக்கமாகப் போய் வள்ளம் ஏறினவர்கள். அண்ணையின் அகதி வழக்கு வென்றால்தான் அவர்களை இங்கே கூப்பிடலாம். தோற்றால் இவரும் இல்லை, அவர்களும் இல்லை. இவ்வளவும் தலைக்குமேல் இருக்க, ஒரு மனிதர் மனைவி பிள்ளையைப் பற்றி ஒரு சொல் கதைக்காமல், எந்த நேரமும் ஜப்பானில் கல்லுப் படி பார்த்த கதை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒருநாள் கேட்டும்விட்டேன். ஆடி மாதத்து ஞாயிறு. பாணும் இடிச்ச சம்பலும் கட்டிக்கொண்டு நாலு பேரும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போயிருந்தோம். மொன்றியல் ஒரு தீவு, இது அதன் மேற்கு முனை. அங்கே ஒரு கால்வாய் இருக்கிறது. படகுகள் உள்ளே வந்ததும் இரண்டு பக்கமும் கதவை மூடித் தண்ணீரை ஏற்றுவார்கள், படகும் சேர்ந்து உயரும். அண்ணைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி, நிண்டு பாத்தால் ஒண்டும் தெரியாது. இப்பிடி இருங்கோ. தண்ணி ஏறுறது அப்பதான் விளங்கும்."

சீலையோடு என்னை ஈரப் புல்லில் இருத்திவிட்டார். உண்மையைச் சொன்னால், விளங்கத்தான் செய்தது. கல்லுச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போனது, படகில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் முகம் மெதுவாக என் முகத்துக்கு நேரே வந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது அவர், "இப்பிடித்தான் தோமோவிலை..." என்றார்.

"போதும் அண்ணை!" என்று கத்திவிட்டேன். "உங்கடை பெண்சாதியும் பிள்ளையும் அங்கை முகாமிலை தகரக் கொட்டிலுக்குள்ளை. நீங்கள் ஜப்பானிலை விடுப்புப் பாத்துக்கொண்டு ஊர் சுத்தித் திரிஞ்ச கதையை எங்களுக்கு அளக்கிறியள். உங்களுக்குக் கொஞ்சமும் மனம் உறுத்தேல்லையோ?"

என் கணவர் கையைப் பிடித்து இழுத்தார். மன்னார்க்காரருக்குப் பாண் தொண்டையில் சிக்கிவிட்டது. அண்ணை கால்வாயிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"அதைத்தான் தங்கச்சி சொல்ல வாறன். காலமை பட்டறை வாசலிலை ஒரு பஸ்..."

"உந்த பஸ்ஸைக் கொண்டுபோய்க் கடலுக்கை விடுங்கோ!" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை திறக்கவில்லை.

வழக்குக்கு வாக்குமூலம் எழுதவேண்டி வந்தது. ஊரில் நான் அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்தாளராக இருந்தவள், ஆங்கிலமும் கொஞ்சம் வரும். அந்தக் காலத்தில் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருடைய கதையை நான்தான் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் தட்டினேன். அப்போது நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவருடைய வழக்கை ஊரே சேர்ந்து சமைக்கும். இதைச் சொல்லு, அதை விடு, இன்னார் அப்படிச் சொல்லி வென்றார், இன்னார் இப்படிச் சொல்லித் தோற்றார் என்று ஆளாளுக்கு உப்பும் புளியும் போடுவார்கள். அண்ணையின் வழக்கில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, ஜப்பானை விடு. ஒன்பது நாள் பத்திரமான நாட்டில் கரையிறங்கித் திரிந்தவனை, அங்கேயே ஏன் அடைக்கலம் கேட்கவில்லை என்று மடக்குவார்களாம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தட்டும்போது ஒன்பது நாளையும் விட்டுவிட்டேன்.

வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "தங்கச்சி, ஒன்பது நாளைக் காணேல்லை?" என்றார்.

"உங்களுக்குப் பெண்சாதி பிள்ளை வேணுமோ, தோமோ வேணுமோ?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஒத்திகை. மன்னார்க்காரர் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு அதிகாரியாகக் கதிரையில் இருந்தார்.

"கொழும்பிலை கப்பல் ஏறினீர். பேந்து?"

"சிங்கப்பூர், ஐயா."

"பேந்து?"

அண்ணை யன்னலைப் பார்த்தார். "பேந்து... கனக்கக் கடல். பேந்து மொன்றியல்."

"சபாஷ்!" என்று நாங்கள் கை தட்டி முடியவில்லை, "இடையிலை ஒரு பஸ் மட்டும்..." என்றார். மன்னார்க்காரர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் தன் வாயாலேயே கெடப்போகிறார் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

விசாரணைக்கு நானும் போனேன். வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவள் என்பதால் வரச்சொல்லி வழக்கறிஞர் கேட்டிருந்தார். அவர் இளம் ஆள், எங்கள் மேல் அக்கறையுள்ளவர். நகர நடுவில் ஒரு பெரிய கட்டடத்தில் யன்னல் இல்லாத அறை. எல்லா யன்னலையும் பார்க்கிற மனிதருக்கு அந்த அறையில் பார்க்க ஒன்றுமில்லை. அதிகாரி ஒரு நரைத்தலை அம்மா. கம்பளிச் சட்டை, கையில் கைக்குட்டை, மூக்கடைத்து நல்ல தடிமன் பிடித்திருந்தது. மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்காரர். "பயப்படாம சொல்லுங்க சார்" என்று அண்ணைக்கு ஆறுதல் சொன்னார்.

முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு அந்த அம்மா அவருடைய கப்பற்காரர் புத்தகத்தைத் திறந்தா. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முத்திரை குத்துகிற புத்தகம். அப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும், என் கையாலேயே அதைக் கடித உறையில் போட்டு வழக்கறிஞரிடம் கொடுத்தேன். உள்ளே என்ன முத்திரை இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்ற புத்தி எனக்கு வரவில்லை. எங்கள் கட்டடத்து மேதாவிகள் ஒருவருக்கும் வரவில்லை.

"இது ஜப்பான் முத்திரை. வாக்குமூலத்தில் ஜப்பான் என்ற சொல்லே இல்லையே?"

வழக்கறிஞர் திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணையும் பார்த்தார், ஒரேயொரு தரம். அவள்தான் விடச்சொன்னவள் என்று அவர் கைகாட்டியிருக்கலாம். உண்மையும் அதுதானே.

"அது எழுதாமல் விட்டது என்ரை பிழை, அம்மா" என்றார். "இப்ப சொல்லட்டோ?"

"சொல்லுங்கள்."

"காலமை பட்டறை வாசலிலை ஒரு பஸ். பின் கதவாலை ஏறுறது."

கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். சென்னைக்காரர் வசனம் வசனமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். வலது பக்கத்து இருக்கை வந்தது. கல்லுப் படி வந்தது. விளக்கு, ஒழுங்கை, முள்ளங்கி, எல்லாம் வந்தது. அந்த அம்மா குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. மருந்துக் கடை வந்து, போயும் விட்டது. அதற்கு அப்பால் நான் ஒருநாளும் போனதில்லை. கண்ணைத் திறந்தேன்.

"மூண்டு மணிக்குத் திரும்பிற பஸ். நாலு மணிக்குப் பட்டறையிலை தபால் குடுப்பினம். அதுக்குத்தான் அம்மா நான் காத்துக்கொண்டிருந்தனான். எங்கடை தெரு எரிஞ்சதெண்டு கப்பல் ரேடியோவிலை கேட்டது. அதுக்குப் பிறகு அஞ்சு மாசம், என்ரை பெண்சாதி பிள்ளை இருக்கினமோ இல்லையோ ஒண்டும் தெரியாது. எழுதாத இடமில்லை. கப்பல் ஒன்பது நாள் நிக்கும், இந்த விலாசத்துக்குப் போடுங்கோ எண்டு தெரிஞ்ச எல்லாருக்கும் தந்தி குடுத்தனான். குசினி பூட்டு, வேலை இல்லை. சும்மா இருந்தால் விசர் பிடிச்சிடும். அதுதான் பஸ் ஏறினனான். போய், கண்ணிலை படுறதெல்லாம் பாத்தன். படியை எண்ணினன். கூரை ஓடுகளை எண்ணினன். காயப்போட்ட மீனை எண்ணினன். எண்ணுற நேரம் மற்றது நினைவு வராது. முதலாம் நாள் கடிதம் இல்லை. ரெண்டாம் நாளும் இல்லை."

ஒவ்வொரு நாளாகச் சொன்னார். வழக்கம்போல ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் நாள் மழை. ஐந்தாம் நாள் அந்தக் கடைக்கார அம்மா இவர் வருகிற நேரம் பார்த்துக் கிண்ணத்தை எடுத்து வைத்திருந்தா. ஏழாம் நாள் படியில் இருந்த ஒரு பழைய கப்பற்காரர் தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லை வைத்து விளக்கினாராம். இரண்டு பக்கத்துக் கடலும் அந்த ஊருக்கு முன்னால்தான் வந்து முட்டுகிறதாம். அந்தக் காலத்தில் பாய்க்கப்பல்கள் எல்லாம் அங்கே வந்து நீரோட்டம் திரும்பும்வரை கிடக்குமாம். காத்துக் கிடக்கிறவர்களுக்கு அரிசியும் தண்ணீரும் விற்றே வளர்ந்த ஊராம். எட்டாம் நாளும் கடிதம் இல்லை.

"ஒன்பதாம் நாள் வந்தது. உறை முழுக்க வெட்டி வெட்டி எழுதின விலாசம். உள்ளுக்கை பிள்ளையின்ரை எழுத்து. ஆறு வயசு அப்ப. 'அப்பா, நாங்கள் மண்டபத்தில் இருக்கிறோம். அம்மாவுக்குக் கால் சுகமாகிவிட்டது. இங்கே ஒரு நாய் இருக்கிறது.' அவ்வளவுதான். வாசிச்சுப்போட்டு நான் பஸ்ஸுக்கு ஓடினனான். அந்த ஊருக்குப் போய்ச் சொல்லவேணும் போலை இருந்தது. அந்தக் கடைக்கார அம்மாவுக்கு, அந்தக் கிழவருக்கு, ஆருக்காவது. கடைசி பஸ் போயிட்டுது. அடுத்த நாள் விடியக் கப்பல் வெளிக்கிட்டிட்டுது. நான் சொல்லேல்லை."

சென்னைக்காரர் கடைசி வசனத்தையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அந்த அம்மா ஒன்றிரண்டு கேள்வி மாற்றி மாற்றிக் கேட்டா. கடிதம் எத்தனையாம் நாள், மழை எத்தனையாம் நாள், பஸ் எத்தனை மணிக்கு. எத்தனை தரம் மாற்றிக் கேட்டாலும் ஒரு சொல் பிசகவில்லை. கடைசியில், நாங்கள் எல்லோரும் பயந்த அந்தக் கேள்வியைக் கேட்டா.

"ஜப்பானில் பாதுகாப்புக் கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை?"

"ஆருக்கெண்டு கேக்கிறது, அம்மா?" என்றார் அண்ணை. "ஒன்பதாம் நாள் பின்னேரம் வரைக்கும் எனக்கு ஆரும் இருக்கினமோ எண்டே தெரியாதே."

அந்த அம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ எழுதினா. தடிமனோ வேறென்னவோ, நான் கண்டேனா?

திரும்பும்போது மெத்ரோவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். நான் அழுதுகொண்டு வந்தேன். எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"ஏன் அண்ணை எங்களுக்கு ஒரு நாளும் இதைச் சொல்லேல்லை?"

"சொல்ல வெளிக்கிட்டனான் தங்கச்சி. நீங்கள் மருந்துக் கடையோடை எழும்பிப் போயிடுவியள்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கறி அடிப்பிடிக்கும் என்று அவருக்கும் தெரியும்தானே என்பது போலச் சொன்னார். அது இன்னும் சுட்டது.

ஐந்து மாதத்தில் முடிவு வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். மன்னார்க்காரர் கடிதத்தை வாங்கி மூன்று தரம் வாசித்துவிட்டு அண்ணையைத் தூக்கிச் சுற்றினார். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையில் இடித்தார். பிறகு படிவம், படம், மருத்துவச் சோதனை என்று இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் போனது. மனைவியும் மகளும் வந்து இறங்கிய நாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணை அடுத்த கட்டடத்தில் வீடு எடுத்திருந்தார். ஆனாலும் முதல் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கதவைத் திறந்தேன். உயரமான, அமைதியான பெண். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தா. பக்கத்தில் ஒன்பது பத்து வயதில் ஒரு பிள்ளை, பெரிய ஆளின் கோட்டுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. நான் வாருங்கோ என்று சொல்வதற்கு முன்னமே அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

"நீங்கள்தானே அக்கா."

"என்னை எப்பிடித் தெரியும்?"

"இவர் எழுதாத கிழமை இல்லையே. ஒரு கடிதம் இருபது பக்கம். இந்த வீடு, உந்தக் குசினி, நீங்கள் என்ன நேரம் வேலையாலை வருவியள், வந்து முதல் என்ன செய்வியள் எண்டு எல்லாம் எழுதுவார். நானும் பிள்ளையும் முகாமிலை உங்களோடைதான் இருந்தனாங்கள்." சொல்லிவிட்டுச் சிரித்தா. "கோவம் வந்தால் கூரை பறக்குமாம். ஆனால் சோத்தைப் போட்டிட்டுத்தான் பேசுவியளாம்."

என் கணவர் பெரிதாகச் சிரித்தார். மன்னார்க்காரர், "அண்ணை சரியாத்தான் எழுதியிருக்கிறார்" என்றார். நான் அண்ணையை முறைத்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முதல் கடிதத்திலேயே எழுதினவர்" என்றா அந்தப் பெண், என் கையை விடாமல். "இவர் வந்த அண்டைக்கு உங்களிட்டை மூண்டு பேருக்குத்தான் சோறு இருந்ததாம். நாலு கோப்பை எடுத்து, மூண்டிலைதான் சோறு போட்டியளாம். பேந்து நீங்கள் மட்டும் குசினிக்குள்ளை நிண்டு வெறுந் தேத்தண்ணி குடிச்சியளாம். இவர் கண்டவராம். இவருக்கு இனி ஒண்டும் நடக்காது, நல்ல இடத்திலை இருக்கிறார் எண்டு நான் அந்தக் கடிதத்தைப் பாத்துத்தான் நித்திரை கொண்டனான்."

அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் கணவருக்கே தெரியாது. எனக்கே மறந்துபோயிருந்தது. வந்த அன்று என்னை எரிச்சல்படுத்திய மனிதர், வீட்டு யன்னலையெல்லாம் பார்த்துக்கொண்டு திரிகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"சரி சரி, சோறு ஆறுது, இருங்கோ எல்லாரும்" என்று அதட்டிவிட்டுக் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டுத் தன் கோப்பையை முடித்திருந்தது. "மாமி, இன்னும் சோறு இருக்கோ?" என்று கேட்டது. அன்றைக்கு நிறைய இருந்தது.